சந்தன மொட்டையும் நீல வட்டமும்

அத்தியாயம் 6

டீ கிளாஸை மேஜையிலிருந்து எடுத்தபோது, தான் ஒரு கொலை செய்துவிட்டதாகவே குழந்தைவேலுவுக்குத் தோன்றியது.

கிளாஸுக்கு அடியில் கைக்குட்டை அளவில் ஒரு நீலத் துண்டு கிடந்திருக்கிறது. அவன் கவனிக்கவில்லை. இப்போது அந்த நீலத்தின் நடுவே, சுண்ணாம்பால் வரைந்த மாதிரி வெள்ளையாக ஒரு வட்டம். விரலால் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். அப்போதும் போகவில்லை.

"அண்ணி," என்றான் மெதுவாக. "கேஸைக் கண்டுபிடிக்க வந்த எடத்துல நாமளே ஒரு கேஸ் ஆயிட்டோம்."

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள். ஆனால் சிரித்தது அவளல்ல, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற தமிழ்நிலா. காலையிலிருந்து அழுத முகம் அது. சிரிப்பு வழி தெரியாமல் வந்து நின்றது.

"ஒண்ணும் ஆகல சார். அது அப்படித்தான். சூடு பட்டா வெள்ளை. ஃப்ரீசர்ல வச்சா மறுபடி நீலம். நடுவுல நீங்க தொந்தரவு பண்ணாத வரைக்கும் எது இருக்கோ அது அப்படியே இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"வருஷக்கணக்கா. கரண்ட் வேண்டாம். உள்ளுக்குள்ள லைட் கிடையாது, வெளிச்சம் பட்டாத்தான் தெரியும். அதனால செல்போன் மாதிரி வெயில்ல கண்ணு கூசாது. வெயில் ஏற ஏறப் பளிச்சுனு தெரியும். பாய் மாதிரி சுருட்டிக்கலாம். சூடான பேனாவால எழுதினா எழுத்து வெள்ளையா விழும். எழுதும்போது மட்டும்தான் சூடு. பஸ் ஸ்டாப்புக்கு ஷிப்ட் போர்டு, கடைக்கு விலைப் பலகை, எது வேணும்னாலும் பண்ணலாம்."

"அந்தப் பெரிய ஷீட்தான் காணோம்," என்றாள் பிரபாவதி.

"அதுதான் காணோம் மேடம். மூணு வருஷ வேலை. இருக்கறதே அது ஒண்ணுதான்."

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கிளப்பின் மாடி ஹால் அது. நாலு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் ஷீட்டைப் பார்க்க வருகிறார்கள். இப்போது மணி இரண்டு. வெளியே கத்திரி வெயில், வேப்ப மரத்தில் காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் பிரபாவதியைப் பற்றி ஒரு வார்த்தை. மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் 'ராஜேந்திரன் துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்கும். ராஜேந்திரன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்த மறு வாரம் அவர் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். தூசி தட்டினாள். அவர் நாற்காலியில் உட்காராமல், எதிரே இருந்த விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னமும் அதில்தான் உட்காருகிறாள். கேஸ் கொண்டுவருகிறவர்கள்தான் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும். குழந்தைவேலு ராஜேந்திரனின் சிநேகிதன். அவர் இருந்தபோது வண்டி ஓட்டினான், இப்போதும் ஓட்டுகிறான். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. பையன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் கேட்பதில்லை. பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, அவ்வளவுதான் கேள்வி.

இன்றைய கேஸும் அங்கேதான் வந்து நின்றது.

"கேட்டதெல்லாம் போதும்," என்றார் ஜெயப்பிரகாஷ். தமிழ்நிலாவின் பார்ட்னர். ஏசி இல்லாத ஹாலில் கோட் போட்டுக்கொண்டு, அதன் பலனை நெற்றியில் வழித்துக்கொண்டிருந்தார். "பட்டறையிலேர்ந்து ஷீட்டை எடுத்துட்டு வந்தவன் கொளஞ்சியப்பன். சுருட்டி நானே அவன் கையில குடுத்தேன். பட்டறை தகரக் கூரை, வெயில் காலத்துல அங்க ஷீட் வெள்ளையாத்தான் இருக்கும். இங்க கேன்டீன் ஃப்ரீசர்ல வச்சு நீலமாக்கிக்கலாம்னு ஏற்பாடு. வச்சோம். ஆகல. பிரிச்சுப் பார்த்தா இது!"

மேஜைமேல் ஒரு வெள்ளைச் சுருள் கிடந்தது. தமிழ்நிலா அதை இரண்டு விரலால் தூக்கினாள். "இது எங்க ஷீட்டே இல்ல மேடம். ஏதோ மெல்லிசு பிளாஸ்டிக்."

"மாத்திட்டான்," என்றார் ஜெயப்பிரகாஷ். "எவனுக்கோ வித்துட்டான். நாலு மணிக்குள்ள ஷீட் வரலன்னா நான் நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்."

பிரபாவதி அந்த வெள்ளைச் சுருளைத் தடவினாள். ஓரத்தில் ஒரு சாண் கிழித்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, கர்ச்சீப் வேணும்னா நான் தரேனே," என்றான் குழந்தைவேலு.

"உன் கர்ச்சீப்பைப் பார்த்திருக்கேன். வா, அந்தப் பையனைப் பார்க்கலாம்."

கொளஞ்சியப்பன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்ட் இல்லாத நேரத்தில் பட்டறையில் வேலை. பர்மனென்ட் பட்டியலில் அவன் பெயர் இந்த மாதம்தான் வந்திருந்தது. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. ஒரு புகார் எழுதப்பட்டால் அந்தப் பெயர் என்ன ஆகும் என்பதை நெய்வேலியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"பட்டறையிலேர்ந்து எங்க போன?" என்றாள் பிரபாவதி.

"எங்கியும் போவலீங்க. நேரா இங்கதான் வந்தேன்."

"நடுவுல எங்கயும் நிக்கல?"

"நிக்கலீங்க."

"புதுச் சட்டையா?"

அவன் சட்டையைக் குனிந்து பார்த்தான். கையால் நெஞ்சை மறைத்துக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. எடுத்தியா?"

"எங்கம்மா சத்தியமா எடுக்கலீங்க. ஆனா எங்கியும் போவல. இதுக்கு மேல என்ன வுட்டுடுங்க."

கீழே வந்து வண்டி நிற்கும் இடத்துக்குப் போனார்கள். குழந்தைவேலு உச்சுக் கொட்டினான். "பொய் சொல்றான் அண்ணி. ஆனா பொய் சொல்லத் தெரியல. நம்ம ஆபீஸ்ல ஒரு மாசம் இருந்தான்னா கத்துக்குவான்."

"சட்டையில என்ன பார்த்த?"

"புதுச் சட்டை. காலர்ல ஸ்டிக்கர்கூட எடுக்கல."

"நெஞ்சுல?"

"மஞ்சளா ஏதோ அழுக்கு."

"அழுக்கு இல்லப்பா, சந்தனம். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா அப்பியிருக்கு. கோயில்ல குடுத்த சந்தனத்தை யாரும் நெஞ்சுல வட்டமா அப்பிக்க மாட்டாங்க. வேற யாரோ அப்பியிருக்காங்க. மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசின ஒரு குழந்தை, மடியில உட்கார்ந்து, வலி பொறுக்காம நெஞ்சுல மோதி மோதி அழுதிருக்கு."

குழந்தைவேலு வாயைப் பிளந்தான். "காதுகுத்து!"

"மடியில வச்சிக்கிறது யாரு?"

"தாய்மாமன். அவன் இல்லாம ஊசியே எடுக்க மாட்டாங்களே." அவன் குரல் இறங்கியது. "சரி அண்ணி, இன்னிக்கு முகூர்த்த நாள். சுத்துப்பட்டுல எத்தனை காதுகுத்தோ? மொட்டைத் தலையா எண்ணிக்கிட்டே போறதா?"

பிரபாவதி கொளஞ்சியப்பனின் பைக்கைக் காட்டினாள். ஹேண்டிலில் ஒரு மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை. 'சண்முகப்பிரியா காதணி விழா. சமுதாயக் கூடம், வடக்குத்து. தங்கள் நல்வரவை நாடும்...' என்று ஒரு குடும்பமே அதில் அச்சாகியிருந்தது.

"விலாசத்தை வண்டியில மாட்டிக்கிட்டுத் திருட்டுக்குப் போன முதல் ஆளு இவன்தான்," என்றான் குழந்தைவேலு.

மாடி ஜன்னலிலிருந்து ஜெயப்பிரகாஷ் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டர் டவுன்ஷிப் சாலையைத் தாண்டும்போது காற்று அடுப்பிலிருந்து வருவது போல முகத்தில் அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பிரபாவதி கைப்பையிலிருந்து அந்த ஒரு சாண் துண்டை எடுத்து அவன் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

"இது என்ன தெரியுதா?"

"பிளாஸ்டிக்."

"இதுக்கு முன்னாடி நூறு தடவையாவது உக்காந்திருப்ப."

"நானா?"

"பந்தியில. இலைக்கு அடியில மேஜை நீளத்துக்கு விரிப்பாங்களே, அந்த ரோல். இலையில என்ன விழுதுன்னுதான் எல்லாரும் பார்ப்போம், இலைக்கு அடியில என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?"

குழந்தைவேலு வண்டியை நிறுத்தியே விட்டான். "அப்போ இவன் ரோலைப் பந்தி ரோலோட சாத்தி வச்சிட்டு, புள்ளைய மடியில வச்சிட்டு, அவசரத்துல..."

"வேற ரோலைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கான். ரெண்டும் வெள்ளை, ரெண்டும் சுருட்டினது. வண்டிய எடு."

"அப்படின்னா அந்தப் பொண்ணோட மூணு வருஷம்?"

"அது மேல சாம்பார் ஊத்திச் சாப்பிட்டிருப்பாங்க."

வடக்குத்து சமுதாயக் கூடத்தில் பந்தி முடிந்திருந்தது. ஆனால் சத்தம் முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே பட்டுப் புடவையில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் இடுப்பிலேயே சந்தன மொட்டையும் புதுக் கம்மலுமாக ஒரு குழந்தை. அவளுக்கு எதிரே, தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் கைகூப்பி நின்றார். ஐஸ்கிரீம் வண்டிக்காரர்.

"ஏன்யா, புள்ளைங்க திங்கிற ஐஸ்கிரீம்ல சாயமா கலக்கற?" என்றாள் அவள். "கப்பத் தூக்குனா அடியில நீலமா வட்டம் வுழுது! ஒரு மேசை முச்சூடும்! எம் மாமியா ஊரு சனமெல்லாம் பாத்துகினு இருக்குது!"

"இல்ல நாகம்மா, எங்கிட்ட இருக்கறதே வெனிலா. வெள்ள ஐஸ்ல நீலம் எப்படி வரும்? ஆத்தா சத்தியமா சாயம் இல்ல."

"அப்ப வட்டம் எங்கேர்ந்து வந்துது? மேசையா ஒழுவிச்சி?"

குழந்தைவேலு பிரபாவதியின் முழங்கையைத் தொட்டான். பேச்சு வரவில்லை. அவனுக்குப் பேச்சு வராமல் போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பிரபாவதி நேராக நாகம்மாளிடம் போனாள். "நாங்க டேபிள் ரோல் கம்பெனிலேர்ந்து வரோம்மா. ரோல்ல ஏதோ புகார்னு சொன்னாங்க."

"ரோலா? கொற ஐஸ்காரர் மேலதான?"

"சில ரோல் கொஞ்சம் மட்டமா வந்துடுச்சு," என்றான் குழந்தைவேலு, சுதாரித்துக்கொண்டு. "ஜில்லுன்னு எதை வச்சாலும் கோவிச்சுக்கிட்டு நிறம் மாறிடுது. இவர் மேல தப்பில்ல. எங்க மேலதான். வேணும்னா என்னைத் திட்டுங்க, நான் வீட்டுலயும் வாங்கிப் பழகினவன்."

நாகம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தணிந்தது. "அது கெடக்கட்டும். நல்ல நாளும் அதுவுமா எல்லாமே அரகொறை. மாமங்காரன் புள்ளைய மடியில வச்சான், காது குத்துனதும் எறக்கி வுட்டுட்டு ஓடிட்டான். ஒரு வாய் சோறு தின்னல. மாமன் இல்லாம போட்டோ எடுக்கக் கூடாதுன்னு காத்துகினு கெடக்கறோம். நீங்க வந்ததுதான் வந்தீங்க, ஒரு எலையப் போடச் சொல்லட்டா?"

"அப்புறம் வரேம்மா," என்றாள் பிரபாவதி. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

ஐஸ்கிரீம்காரரைத் தனியே பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். பெயர் குஞ்சிதபாதம்.

"அந்த மேஜையில விரிச்ச ரோல் எங்கய்யா? இலையோட போட்டுட்டாங்களா?"

"போட வுடுவனா? நான்தான் சுருட்டிகினு வந்தேன். கறைய ஆளுங்ககிட்டக் காட்டி, இது என் ஐஸ்ல வந்தது இல்லன்னு நிரூபிக்கலாம்னு. சாம்பார் நாத்தம், கழுவிட்டு மொட்ட மாடில காயப் போட்டேன். போயி பாத்தா..." அவர் குரல் தேய்ந்தது. "ஒரு வட்டத்தக்கூடக் காணோம். பளிச்சினு வெள்ள. நானே சாயத்தக் கழுவி அழிச்சிட்டேன்னு சொல்லுவாங்க. பைத்தியம் புடிச்சிடும் போல இருக்குதுங்க."

மூவரும் மொட்டை மாடி ஏறினார்கள். சுட்டெரிக்கும் சிமெண்ட் தரையில், நாலு மூலையில் செங்கல் வைத்து, நீளமாக ஒரு வெள்ளை விரிப்பு. பிரபாவதி ஓரத்தைத் தொட்டாள். பந்தி ரோலைவிடத் தடிமன். ரப்பர் மாதிரி வளைந்தது.

"அய்யா, ஒரு கப் ஐஸ்கிரீம் இருக்குமா?"

"திங்கறதுக்கா?"

"ஷீட்டுக்கு."

விரிப்பை நிழலுக்கு இழுத்துப் போட்டுச் சற்று ஆற விட்டார்கள். பெட்டியின் அடியில் கிடந்த கப்பாகப் பார்த்து எடுத்து வந்தார் குஞ்சிதபாதம். பிரபாவதி அதை நடுவில் வைத்தாள். பிறகு கப்பைத் தூக்கினாள்.

நீலமாக, அச்சுக் குத்தியது போல ஒரு வட்டம்.

"அய்யோ, மறுபடியும் வந்துடுச்சே!" என்று குஞ்சிதபாதம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க பெரியவரே," என்றான் குழந்தைவேலு. "மூணு வருஷ ஆராய்ச்சிய முதன்முதலா ஊருக்குக் காட்டினவர் நீங்கதான். அதுவும் வெனிலாவுல."

அவன் சொல்லி வாயை மூடவில்லை, பிரபாவதியின் செல்போன் அடித்தது. தமிழ்நிலா. அழுகையும் பேச்சுமாக வந்தது குரல்.

"மேடம், கொளஞ்சி ஒத்துக்கிட்டான்! வித்துட்டேன்னு சொல்றான். பார்ட்னர் ஜே.பி. உக்காந்து புகார் எழுதிக்கிட்டிருக்கார்."

"என்னம்மா சொல்ற? அவன் எடுக்கவே இல்லையே!"

"நீங்க வடக்குத்துப் பக்கம் திரும்பினதை ஜே.பி. பார்த்தாராம். போலீஸையும் அங்கயே அனுப்பறேன்னார். அதைக் கேட்டதும் இவன் எழுந்து வந்து, யாரும் எங்கயும் போவ வேணாம், நான்தான் வித்தேன்னுட்டான். கையெழுத்தும் போடறேன்றான்."

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. கீழே மைக் செட்டில் நாகஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா வீட்டு வாசலில், மாமியார் ஊர் ஜனத்துக்கு முன்னால் போலீஸ் வந்து நிற்கக் கூடாது. அதற்காக ஒருத்தன் தன் பர்மனென்ட்டை எடுத்துப் போட்டுவிட்டான்.

"அவன் கையெழுத்துப் போடாம பாத்துக்க," என்றாள் பிரபாவதி போனில். "பேனாவ ஒளிச்சு வை. எதையாவது பண்ணு." வைத்துவிட்டுத் திரும்பினாள். "அய்யா, உங்க வண்டியில எவ்வளவு ஐஸ்கிரீம் மிச்சம்?"

"பாதிப் பெட்டிங்க."

"மேல எடுங்க. ஷீட்டை உள்ள வைங்க, சுத்தி உப்பு போட்ட ஐஸைக் கொட்டுங்க. வேலு, நீ ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியிருக்கியா?"

"தின்னுதான் பழக்கம்."

"இன்னிக்குக் கத்துக்க."

பெரியவரின் மூன்று சக்கர வண்டி, மணியை ஆட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்குள் நுழைந்தது. வழியில் ஒவ்வொரு பிளாக்கிலும் பிள்ளைகள் கை நீட்டின. "ஸ்டாக் இல்ல, ஸ்டாக் இல்ல" என்று கத்திக்கொண்டே ஓட்டினான் குழந்தைவேலு. பின்னால் ஸ்கூட்டரில் பிரபாவதி. ராஜேந்திரன் சொல்லிக் கொடுத்த வண்டி அது. இத்தனை வேகம் அவர் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஹாலில் ஜெயப்பிரகாஷ் புகாரை எழுதி முடித்திருந்தார். கொளஞ்சியப்பன் மேஜை ஓரம் நின்றான். தமிழ்நிலா இரண்டு பேனாவைத் தன் கைப்பிடிக்குள் இறுக்கி வைத்திருந்தாள். ஜெயப்பிரகாஷ் கோட்டுப் பையில் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலுவும் குஞ்சிதபாதமும் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து தொப்பென்று வைத்தார்கள். பிரபாவதி மூடியைத் திறந்தாள். வெள்ளைப் புகை எழுந்தது. உள்ளிருந்து சுருளை எடுத்து, மேஜைமேல் இருந்த புகார்க் காகிதத்தின் மீதே ஒரே உதறாக உதறி விரித்தாள்.

ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீலம். சாயங்காலம் மழை கட்டின வானம் மாதிரி.

தமிழ்நிலா ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். தன் கையால் வெட்டிய கோணல் அவளுக்குத் தெரியும். பேனாக்களைக் கீழே போட்டுவிட்டு அப்படியே ஷீட்டின்மேல் கன்னத்தை வைத்தாள். ஜில்லென்று இருந்திருக்க வேண்டும், உடனே எடுத்துக்கொண்டாள்.

"ஆனா இவனே வித்துட்டேன்னானே!" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"யாருக்குன்னு கேட்டீங்களா?"

"மெட்ராஸ்காரன் ஒருத்தனுக்குன்னான்."

"அந்த மெட்ராஸ்காரர் இவர்தான்," என்று குஞ்சிதபாதத்தைக் காட்டினாள் பிரபாவதி.

பெரியவர் பதறிப்போனார். "நான் காடாம்புலியூருங்க! மெட்ராஸ பாத்ததே இல்லீங்க!"

பிரபாவதி நடந்ததைச் சொன்னாள். மடியில் உட்கார்ந்த மொட்டை, சுவரில் சாத்திய ரோல்கள், மேஜையில் பூத்த வட்டங்கள், மாமனுக்காக இன்னும் எடுக்காத போட்டோ. கொளஞ்சியப்பன் தலை நிமிரவே இல்லை.

"ஏன்யா, காதுகுத்துக்குப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றார் ஜெயப்பிரகாஷ். குரலில் பழைய சுதி இல்லை.

"போன வாரமே கேட்டன் சார். லீவு இல்ல, ஒம் மடி இல்லாட்டி வேற மடி கெடைக்காதான்னு கேட்டீங்க." அவன் தயங்கினான். "போனன்னு சொன்னா போலீசு அங்கதான மொதல்ல வரும்? அதான்... எங்கக்கா வூட்ல பந்தி முடியட்டும்னு..."

ஜெயப்பிரகாஷ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அன்று அவர் செய்த முதல் புத்திசாலித்தனம் அதுதான் என்று குழந்தைவேலு நினைத்துக்கொண்டான். ஷீட்டின் ஓரத்தைத் தூக்கி அடியிலிருந்த காகிதத்தை உருவினார். உருகின பனியில் மை கரைந்து, கொளஞ்சியப்பன் என்ற பெயர் இருந்த இடம் வெறும் ஈரமாக இருந்தது. அதைக் கசக்கிக் குஞ்சிதபாதத்தின் ஐஸ் பெட்டிக்குள் போட்டார்.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாலு மணிக்காரர்கள்.

"போட்டோ எடுத்துட்டாங்களா?" என்றார் ஜெயப்பிரகாஷ் திடீரென்று.

"எங்க சார்?"

"உங்க அக்கா வீட்டுல."

"காத்துகினு இருக்காங்க," என்றாள் பிரபாவதி, நாகம்மாளின் பேச்சிலேயே.

"அப்ப கிளம்பு."

"சார், அவங்க வந்தா ஷீட்டைப் புடிக்க ஆள் வேணுமே. நான் ஒரு மூலை, மேடம் ஒரு மூலைன்னுதான..."

"போய்யான்னா போயேன்!"

கொளஞ்சியப்பன் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினான். எதிரே ஏறி வந்த மூன்று பேர் சுவரோரம் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது தமிழ்நிலா சூட்டுப் பேனாவோடு தயாராக நின்றாள். நீல ஷீட்டின் ஒரு மூலையைக் குழந்தைவேலு பிடித்திருந்தான். மறு மூலையை, சட்டைக் கை மடித்து, விரல் விறைக்க ஜெயப்பிரகாஷ் பிடித்திருந்தார்.

வந்தவர்களில் மூத்தவர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துத் தமிழ்நிலாவைக் காட்டினார். "கண்டுபிடிச்சது இந்த மேடம். சரி. நீங்க யாரு சார்?"

ஜெயப்பிரகாஷ் நழுவின மூலையை இறுக்கிப் பிடித்தார்.

"ஷீட் புடிக்கிறவன்," என்றார்.